வெள்ளிக்கு ஒரு பலகை

"கார்பெட் நடக்குதாம் மிஸ்."

பஸ் பிந்துகிறது என்று சொல்வது போலத்தான் என் உதவியாள் அஸ்பாக் அதைச் சொன்னான். ஒரு கையால் ஃபோனைப் பொத்திக்கொண்டு மறு கையால் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"எங்க நடக்குது?"

"காத்தான்குடியில. கத்தார்ல இருந்து வந்த இப்றாஹிம் காக்கா இரிக்காரே, அவர்ட மகளுக்குக் கட்டின புது வீட்டு மேல்மாடியில. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிஞ்சி வந்து பாத்தா நாலு விரல் நகர்ந்திருக்காம். ஒரு சாமானும் களவு போகல்ல. ஜின்னா இருக்குமோ எண்டு கேக்காரு. அடுத்த மாசம் கலியாணம் வேற."

மட்டக்களப்பு டவுனில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே 'கேதீஸ்வரி விசாரணை நிலையம்' என்று போர்டு மாட்டி ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பனியில் இழப்பு மதிப்பிடும் வேலை. காணாமற்போன மோட்டார் சைக்கிள், தானாகப் பற்றிக்கொண்ட கடை, செத்த பின்பும் கையெழுத்துப் போட்ட மாமனார் எல்லாம் பார்த்தாயிற்று. நடக்கிற கார்பெட் வந்தது இதுதான் முதல் தடவை. வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருப்பேன்.

அஸ்பாக் காக்கா, அதாவது அண்ணன், என்று மரியாதை வைத்துச் சொன்ன இப்றாஹிம் என்ற பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மூன்று மாதத்துக்கு முன் அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். 'நிலத்துப் பலகை விஷயமாக் கொஞ்சம் கதைக்கணும்' என்றாராம். இரண்டு தடவையும் நான் இல்லையென்று சொல்லச் சொன்னேன். அஸ்பாக்கும் வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஒரு தடவை என்னைத் திருகோணமலைக்கு அனுப்பினான், மறு தடவை எனக்கு அம்மை போட்டான்.

"இந்தத் தடவை என்ன வருத்தம் சொல்ல மிஸ்? டெங்கு இன்னும் பாவிக்கல்ல."

"வாறம் எண்டு சொல்லு" என்றேன். கார்பெட்டின் மீது ஆசை வந்துவிட்டது. என் தொழிலில் இது ஒரு கெட்ட பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அஸ்பாக்கின் ஆட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டினோம். அவனுக்கு நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், ஓயாத வாய். அன்றைக்குக் காத்தான்குடியையும் தாண்டி ஆரையம்பதிச் சந்தி வரைக்கும் வந்தால்தான் பேசுவான் என்பது போல வாயை மூடிக்கொண்டு ஓட்டினான். அது எனக்குப் பிடிக்கவில்லை. காத்தான்குடி வளைவுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"என்ன விழுங்கி வைச்சிருக்காய்?"

"யோகராசா ஓடாவியார் திங்கக்கிழமை கத்தாருக்கு ஏறுறாராம் மிஸ். கொங்க்ரீட் இழுக்கிற வேலைக்கு. உளி, சீவுளி எல்லாத்துக்கும் எண்ணெய் பூசிச் சாக்குல கட்டி வைச்சிட்டாராம். அம்பத்தி மூணு வயசு மனிசன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசையாகப் போயின.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யோகராசா வாவிக்கு அக்கரையில், மண்டூரில் இருக்கும் தச்சர். எங்கள் பக்கத்தில் தச்சரை ஓடாவியார் என்போம். இப்றாஹிமின் மகள் வீட்டு மேல்மாடிக்குத் தேக்குப் பலகை அடித்து நிலம் போட்டவர் அவர்தான். எட்டு மாதத்துக்கு முன், வேலை முடிந்த மூன்றாம் நாள், இப்றாஹிம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பலகை கறுத்திருந்தது, அடுத்தது வைக்கோல் மஞ்சள், அதற்கடுத்தது பச்சையாகக் கோடு விழுந்திருந்தது. 'ஒரே மரத்துக்குச் சொல்லி வைச்சன். இது மூணு மரம் மாதிரி இரிக்கி. நீங்க பாத்து எழுதித் தாங்க' என்றார்.

நான் இருபது நிமிடம் பார்த்தேன். யோகராசா பக்கத்தில் நின்று, 'இது ஒரே மரம்தான் மிஸ். தேக்கைப் புதுசாச் சீவினா இப்பிடித்தான் கண்டமேனிக்கு நிக்கும். வெளிச்சம் படட்டும், மூணு மாசத்தில தன்னால ஒண்டாகும்' என்றார். அதையும் அறிக்கையில் எழுதினேன். 'இது தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்லப்படும் சாக்கு' என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி நன்றாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

இப்றாஹிம் அந்தக் கடிதத்தைச் சந்தி ஹோட்டலில் நாலு பேருக்கு முன்னால் உரக்க வாசித்தார். யோகராசா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பாதிப் பிளேன்டீயை வைத்துவிட்டு எழும்பிப் போனவருக்கு அதற்குப் பிறகு வாவியின் இந்தக் கரையில் வேலை இல்லை, கொஞ்ச நாளில் அந்தக் கரையிலும் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்கு ஒரு தேக்கு மேசை வாங்கினேன். வரும்போது திட்டுத் திட்டாக இருந்தது. ஒருநாள் துடைக்கும்போது பார்த்தால் முழு மேசையும் ஒரே நிறம். துணியை நனைத்து இன்னொரு தடவை அழுத்தித் துடைத்துப் பார்த்தேன், யோகராசா சொன்னபடியே இருந்தது. பிறகு மேசைக்கு ஒரு விரிப்பு வாங்கிப் போட்டேன். இப்றாஹிமின் ஃபோனுக்கு நான் ஏன் ஒளிந்தேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

வீட்டு வாசலில் இப்றாஹிம் வெள்ளை ஜிப்பாவோடு நின்றார். அறுபது வயது இருக்கும், ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி. "வாங்க மிஸ். வருத்தமெல்லாம் சுகமா?" என்று கேட்டார். அஸ்பாக் அவசரமாகத் தொப்பியைத் தேடினான்.

"மேல போய் இருங்க. நான் ஜும்ஆவுக்குப் போயிட்டு வாறன். மகள் மட்டும்தான் கீழ இரிக்கா. மேல்மாடித் திறப்பு இந்தா" என்று சாவியை நீட்டினார்.

"நானும் போயிட்டு வாறன் மிஸ்" என்றான் அஸ்பாக். "ஜின் வந்தா பேச்சுக் குடுத்து வைங்க. ரேட் பேச வேணாம், அது நான் வந்து பேசுறன்."

மேல்மாடி ஹோல் காலியாக இருந்தது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் வாவி. நிலத்தில் சிவப்புக் கார்பெட். ஜன்னல் பக்கத்தில் மட்டும் மூன்றரை அடி அகலத்துக்குப் பலகை வெளியே தெரிந்தது. கார்பெட்டின் ஓரம் உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. நடக்கிற கார்பெட்டுக்குக் கால் இல்லை, யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. அது வரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

வெளியே வந்த பலகைகளை எண்ணினேன். பதினாலு. ஜன்னலோரத்துப் பலகைகள் ஒரே தேன் நிறத்தில் இருந்தன. உள்ளே வர வர நிறம் கலையத் தொடங்கியது. கார்பெட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள், ஒன்றில் பச்சைக் கோடு. கார்பெட்டைத் தூக்கினேன். உள்ளே முழுக்க எட்டு மாதத்துக்கு முன் நான் பார்த்த அதே கூத்து.

ஃபோனில் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அறிக்கைக்காக அன்றைக்கு எடுத்தது. ஜன்னலிலிருந்து இரண்டாவது பலகையில் கண் போல ஒரு கணு, பலகை வெளிறிய மஞ்சள். 'மலிவு மரம்' என்று நான் சிவப்பு வட்டம் போட்ட பலகை அதுதான். நிலத்தில் குந்தி இரண்டாவது பலகையைப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கணு இருந்தது. பலகையை ஒருவரும் மாற்றவில்லை. மஞ்சளை மட்டும் காணவில்லை, பக்கத்துப் பலகைகளின் தேன் நிறமே அதற்கும் வந்திருந்தது.

குற்றவாளியைப் பிடிக்க வந்த இடத்தில் முதலில் அகப்பட்டது நான்தான். மேசைக்கு விரிப்புப் போட்டு மூடலாம், இதை எதைப் போட்டு மூடுவது என்று அந்தக் கணுவைப் பார்த்தபடியே இருந்தேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் முடிந்து தொழுகை தொடங்கியது. ஒருவரும் மாடிக்கு வரவில்லை. தொழுகையும் முடிந்தது. ஜின் லீவு போட்டுவிட்டது.

அஸ்பாக் மூச்சு வாங்க ஏறி வந்தான். "வந்ததா?"

"வரல்ல. இஞ்ச வா, இதப் பிடி."

மடித்து விட்டிருந்த ஓரத்தை இருவரும் விரித்தோம். கார்பெட்டின் முதுகில் மடிப்புத் தடங்கள் கோடு கோடாக விழுந்திருந்தன. நாலு விரலுக்கு ஒன்று, ஒரு பலகை அகலம்.

"ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பலகை வெளிய வாற மாதிரி மடிச்சிருக்கு. எண்ணு."

எண்ணினான். "பதின்மூணு."

"பலகை?"

"பதினாலு." மறுபடி எண்ணினான். "மிஸ், ஜின்னுக்குக் கணக்குப் பிழைச்சிட்டு."

"பிழைக்கல்ல. இந்த இடத்தப் பார். ரெண்டு தடத்துக்கு நடுவில எட்டு விரல். ஒரு வெள்ளி ஆள் வரல்ல. அடுத்த வெள்ளி வந்து ரெண்டு பலகையைச் சேத்து மடிச்சிருக்கு. கடைசித் தடத்தில இருந்து பின்னால எண்ணு. ஆள் வராத வெள்ளி எது?"

விரல் மடித்தான். "இண்டைக்கு ஏழு கிழமைக்கு முந்தினது."

"அண்டைக்கு இந்த வீட்டில ஆர் இல்லையோ, அவர்தான்."

அப்போது மகள் ஸுஹைனா தேத்தண்ணித் தட்டோடு ஏறி வந்தாள். இருபத்தைந்து வயது, நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏழு கிழமைக்கு முன்னால ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில இல்லாம இருந்தீங்களா?"

அவள் யோசித்தாள். "ஓம். கொழும்புல நிண்டம்."

அஸ்பாக் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினான். பிடித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன். ஓடாவியார் சொன்னதை நம்பிய பெண், தகப்பனுக்குத் தெரியாமல் பலகைக்கு வெளிச்சம் காட்டுகிறாள். கதை அழகாகத்தான் இருந்தது.

"எதுக்குப் போனீங்க?"

"வாப்பாட கண் ஒபரேஷனுக்கு. அவரை நான்தானே கூட்டிட்டுப் போனன்." விரித்துக் கிடந்த கார்பெட்டைப் பார்த்தாள். பதின்மூன்று தடங்களையும், எட்டு விரல் இடைவெளியையும் பார்த்தாள். கெட்டிக்காரி, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இது நான் இல்ல மிஸ். நானா இருந்தா முதல் நாளே கார்பெட்டச் சுருட்டி வெளிய எறிஞ்சிருப்பன்."

"அப்ப?"

"விட்டுப் போனத அடுத்த தடவை சேத்துச் செய்ற ஆள் இந்த வீட்டில ஒராள்தான் இரிக்காரு. கண்ணில கட்டோட கொழும்பால வந்த அண்டைக்கே, ஆஸ்பத்திரியில விட்டுப் போன தொழுகையெல்லாம் இருந்து களாச் செஞ்சாரு."

"கார்பெட்டுக்கும் களாவா?" என்றான் அஸ்பாக். சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. இப்றாஹிம் மேலே வந்தார். எங்களைப் பார்த்தார், விரித்த கார்பெட்டைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஓரத்தை எடுத்து மடித்து, பலகைக்குச் சரியாக நீவி விட்டார். பதினைந்தாவது பலகை வெளியே வந்தது. நல்ல கறுப்பு.

"ஜும்ஆ முடிஞ்சி வந்து பாத்தா நகர்ந்திருக்கும் எண்டு சொன்னன்தானே" என்றார். "பொய் சொல்லல்ல மிஸ். வந்துதான் நகத்துறன்."

"ஏன் காக்கா?" என்று கேட்டவன் அஸ்பாக்.

"மாப்பிள்ளை வீட்டாக்கள் வாற நேரம் இந்த நிலத்த மூடத்தான் கார்பெட் வாங்கினன். ஒருநாள் தஸ்பீஹ் மணி ஜன்னலடியில விழுந்திட்டு. ஓரத்தத் தூக்கினா, கார்பெட் சுருண்டு வெளிச்சம் பட்ட துண்டு மட்டும் ஒரே நிறமா இரிக்கி. அந்த மனிசன் சொன்ன மாதிரியே. அடுத்த வெள்ளி சந்தி ஹோட்டல்ல, கடிதம் வாசிச்ச அதே இடத்தில, எல்லாருக்கும் முன்னால சொல்லணும் எண்டு போனன். வாசல் மட்டும் போயிட்டுத் திரும்பி வந்திட்டன். வந்து ஒரு பலகை மடிச்சன். அதுக்கு அடுத்த வெள்ளியும் அப்பிடித்தான்." பலகைகளைக் கையால் காட்டினார். "இது எல்லாம் நான் சொல்லாம வந்த வெள்ளிக்கிழமைகள்."

"கொழும்புக்குப் போன கிழமை?"

"அங்க இருந்தும் சொல்லல்லதானே. அதுக்கும் சேத்து மடிச்சன்."

அவர் என்னைப் பார்த்த ஒற்றைக் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தன் மிஸ். நாம ரெண்டு பேரும் பிழை செஞ்சிட்டம் எண்டு சொல்லத்தான். நீங்க வரல்ல. ஜின் எண்டு சொன்னன், வந்திட்டீங்க."

கேதீஸ்வரி விசாரணை நிலையத்தை இதுவரை எத்தனையோ பேர் ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். அதில் வென்றவர் இவர் ஒருவர்தான். அதுவும் உண்மையைச் சொல்வதற்காக ஏமாற்றியிருக்கிறார்.

"ஆட்டோவில மூணு பேர் இருக்கலாம்" என்றான் அஸ்பாக். "மண்டூருக்குத்தானே?"

குருமண்வெளித் துறையில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பாதையில் ஏறினோம். எங்கள் பக்கத்தில் 'பாதை' என்பது மோட்டார் பூட்டிய அகல மிதவை; அதில் சைக்கிளும் சாக்கும் ஆட்களுமாக வாவியைக் கடந்தோம்.

யோகராசாவின் மனைவி அன்னப்பூரணி படலையைத் திறந்தவர், எங்களைக் கண்டதும் திறந்த அளவிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னும் என்ன மிச்சம் இருக்கெண்டு வந்த நீங்க?"

யோகராசா உள்ளேயிருந்து வந்தார். கையில் புதுப் பயணப் பையின் பூட்டு. "விடுகா, வரட்டும்" என்றார்.

முற்றத்தில் நின்றபடியே இப்றாஹிம் சொன்னார். சந்தி ஹோட்டல் வாசல் மட்டும் போய்த் திரும்பிய வெள்ளிக்கிழமைகளையும் சொன்னார். நான் என் பங்கைச் சொன்னேன். இருபது நிமிடம் பார்த்து எழுதினேன் என்றேன். மேசையையும், விரிப்பையும், வராத அம்மையையும் சொன்னேன். சாக்கு என்று எழுதிய வரியை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

யோகராசா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொழில்காரனாக ஒரு கேள்வி கேட்டார். "எத்தினை பலகை ஒண்டாகியிருக்கு?"

"ஜன்னல் பக்கம் அஞ்சாறு. மிச்சம் ஆகிக்கொண்டு வருது" என்றேன்.

"ம். கார்பெட்ட முழுசா எடுங்க. மூணு மாசம்." பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். "சரி, இத ஏன் எனக்கிட்ட வந்து சொல்றீங்க? அது ஒரே மரம் எண்டு எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்குப் போய்ச் சொல்லுங்க."

உள்ளே போய்விட்டார். அன்னப்பூரணி படலையைச் சாத்தினார்.

திரும்பிப் போகும் பாதையில் முப்பது பேர் இருப்பார்கள். வயலால் வந்தவர்கள், டியூஷன் பிள்ளைகள், உரப்பையோடு ஒரு சைக்கிள்காரர். பாதிப் பேர் மண்டூர்க்காரர். எல்லாரும் யோகராசாவைத் தெரிந்தவர்கள், நான் எழுதியதையும் காதால் கேட்டவர்கள். நடு வாவியில் நான் எழும்பி நின்றேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்; அன்றைக்கு அலை இல்லை.

"என்ட பேர் கேதீஸ்வரி" என்றேன். "யோகராசா ஓடாவியார் மரம் கலந்திட்டார் எண்டு எழுதிக் குடுத்தது நான்தான். அது பிழை. அவர் போட்டது ஒரே தேக்கு. பாக்கத் தெரியாம எழுதினன். தெரிஞ்ச பிறகும் வாயத் திறக்கல்ல."

இப்றாஹிம் என் பக்கத்தில் எழும்பினார். "அத எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினது நான்" என்றார்.

பாதை ஓட்டுபவர் மோட்டாரைக் குறைத்தார். உரப்பைக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"என்ட பேர் நல்லரத்தினம். மகள்ட வீட்டுக்கு வாசல் நிலை செய்ய அவருக்குச் சொல்லியிருந்தன். இதக் கேள்விப்பட்டு வேணாம் எண்டன். எங்கட வயல் வட்டை முழுக்க அவரைக் கள்ள ஓடாவி எண்டு கதை பரப்பினதும் நான்தான்."

கரை வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நல்லரத்தினம் இறங்கவில்லை. "நான் திரும்பிப் போறன். திங்களுக்கு முதல் அந்த மனிசனைப் பிடிக்கணும்" என்றார். புது ஆட்கள் ஏறினார்கள். அவர் என்னைப் பார்த்தார். "இவங்களுக்கும் தெரியாது மிஸ்."

நாங்களும் இறங்கவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன். மண்டூர்க் கரையில் நல்லரத்தினம் இறங்கிப் போனார், வேறு ஆட்கள் ஏறினார்கள். மூன்றாம் தரம், நாலாம் தரம். அஸ்பாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரல் மடித்தான்.

"எட்டு மாசக் களா மிஸ். பாதைக்காரர் இன்னும் ஒரு ட்ரிப்தான் எண்டு சொல்றார்."

ஐந்தாவது பயணத்துக்கு மண்டூர்க் கரையில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஏறியவர் யோகராசா. பை இல்லை, வெறும் கை. மோட்டார் கிளம்பியது. ஆட்களுக்கு நடுவில் கம்பியில் சாய்ந்து, என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

"திங்கள் போறதா இல்லையா எண்டு நான் இன்னும் முடிவெடுக்கல்ல" என்றார். "முதல்ல என்ன சொல்றீங்க எண்டு கேப்பம். சொல்லுங்க."

நடு வாவி வந்ததும் கம்பியை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கத் திரும்பினேன். பிறகு என் பெயரிலிருந்து தொடங்கினேன்.